கூடாரத்துக்குள் இருந்து எழுதியவர்

(எங்கள் சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலர்க் குழுவினர் கேட்டதற்கிணங்க எழுத்தில் தரப்படுகிறது.)



என்னைக் கதைக்கக் கேட்டவர்கள், தலைப்பை என் விருப்பத்துக்கே விட்டுவிட்டார்கள். அது ஆபத்தான வேலை. நான் இன்றைக்குப் பேசப்போவது ஒரு சர்க்கஸ்காரரைப் பற்றி. அதுவும் யாழ்ப்பாணத்தாரும் இல்லை, மட்டக்களப்பாரும் இல்லை. ஒரு மலையாளி. பெயர் ஸ்ரீதரன் சம்பாடு. புத்தாண்டும் அதுவுமாய் இதென்ன கதை எண்டு சிலர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பது தெரியுது. கொஞ்சம் பொறுங்கோ. அவரைத் தொட்டுத்தான் எங்கட ஆட்களிடம் வரவேண்டியிருக்கிறது.

கேரளத்தின் வடக்கே கண்ணூர் மாவட்டத்தில் தலசேரி என்று ஒரு பட்டினம். மூன்று சங்கதிகளுக்குப் பெயர் போனது: கிரிக்கெட், கேக், சர்க்கஸ். முதல் இரண்டும் வெள்ளைக்காரன் காலத்தில் வந்தவை என்று விளங்கும். சர்க்கஸ் எப்படி வந்தது?

1880இல் மராட்டிய நாட்டைச் சேர்ந்த விஷ்ணுபந்த் சத்ரே என்ற குதிரைப் பயிற்சியாளர் இந்தியாவின் முதல் சர்க்கஸ் கம்பெனியைத் தொடங்கினார். பம்பாய்க்கு வந்திருந்த கியாரினி என்ற இத்தாலியக்காரரின் சர்க்கஸைப் பார்த்து, இதை எங்களாலும் செய்யமுடியும் என்று சவால் விட்டுத் தொடங்கினார் என்று சொல்வார்கள். அவர் சுற்றிச் சுற்றித் தலசேரிக்கும் வந்தார். அங்கே கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார். களரி தெரிந்தவர், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு ஜிம்னாஸ்டிக்ஸ் பழக்கியவர். கம்பெனி உன்னுடையது, ஆட்களைப் பழக்கித் தருவது என் பொறுப்பு என்கிற மாதிரி இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். 1901இல் தலசேரிக்குப் பக்கத்தில் சிறக்கரையில் குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பயிற்சிக்கென்றே ஒரு பள்ளியைத் திறந்தார். அவரிடம் படித்த பரியாளி கண்ணன் 1904இல் தன் சொந்தக் கம்பெனியை, கிராண்ட் மலபார் சர்க்கஸை, ஆரம்பித்தார். பிறகென்ன, ஒரு சிறு பட்டினத்தில் இருந்து ஆட்கள் கம்பெனி கம்பெனியாகக் கிளம்பினார்கள். கண்ணன் பம்பாயோ என்ற பெயரில் ஒருவர் கயிற்றில் துள்ளி ஆடி ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் வாய்பிளக்க வைத்தார். ஜெமினி சர்க்கஸைத் தெரியாத தமிழர் குறைவு. அதை 1951இல் தொடங்கிய எம். வி. சங்கரனும் இந்தப் பக்கத்து ஆள்தான். 2023இல், நூறை நெருங்கும் வயதில், காலமானார்.

சம்பாடு என்பது தலசேரியை அடுத்த ஒரு கிராமம். ஸ்ரீதரன் அந்த ஊர்ப் பெயரைத்தான் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவர் சர்க்கஸில் செய்தது பார் விளையாட்டு. அந்தரத்தில் ஊஞ்சல் கட்டி, ஒரு பாரில் இருந்து மற்றப் பாருக்குப் பறக்கிறதே, அதுதான். கீழே இருந்து பார்க்கிற எங்களுக்குப் பறக்கிறவர்தான் கண்ணுக்குத் தெரிவார். ஆனால் அந்த வித்தையின் பாரம் முழுவதும் எதிர்ப்பக்கத்தில் முழங்காலை மடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கிற ஆளில்தான் இருக்கிறது. அவர்தான் பிடிக்கிறவர். பறக்கிறவர் பாரை விடும் கணமும் பிடிக்கிறவர் ஆடிவரும் கணமும் ஒன்றாக வரவேண்டும். கை விரலைப் பிடிப்பதில்லை, மணிக்கட்டைப் பிடிக்க வேண்டும். தவறினால் கீழே வலை இருக்கிறதுதான். ஆனால் வலையில் விழவும் பழகவேண்டும். முதுகு படும்படி விழாவிட்டால் வலையே கழுத்தை முறித்துவிடும்.

இப்படி வாழ்ந்த ஒரு மனிதர் கீழே இறங்கி வந்து பேனையை எடுத்தார். சிறுகதை எழுதினார், நாவல் எழுதினார், இந்திய சர்க்கஸின் வரலாற்றை எழுதினார். அந்த வரலாறு ஆங்கிலத்திலும் ஒரு நூலாக வந்திருக்கிறது. தன் வாழ்க்கைக் கதைக்கு அவர் வைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால் 'கூடாரம் சொன்ன வாழ்க்கை' என்று வரும். மலையாளத்தில் கூடாரத்துக்குத் 'தம்பு' என்கிறார்கள். தான் சொன்ன வாழ்க்கை என்று அவர் போடவில்லை, கூடாரம் சொன்னது என்று போட்டார். எனக்கு அந்த ஒரு சொல்லே பிடித்துப்போயிற்று.

அவருடைய கதை படமாகவும் வந்தது. 1980இல் கே. ஜி. ஜோர்ஜ் இயக்கிய 'மேள'. சர்க்கஸில் கோமாளியாக இருக்கிற ஒரு குள்ள மனிதன் காசோடு ஊருக்கு வருகிறான். காசு இருக்கிறதால் ஊர் மதிக்கிறது. உயரமான, அழகான ஒரு பெண்ணைக் கலியாணம் கட்டுகிறான். பிறகு அவளைக் கூட்டிக்கொண்டு கூடாரத்துக்குத் திரும்புகிறான். அங்கேதான் அவன் யார் என்பது அவளுக்கும், அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்கும் தெரிகிறது. மோட்டார் சைக்கிள் வித்தைக்காரராக அதில் வருபவர் மம்முட்டி. அப்ப அவரை யாருக்கும் தெரியாது. கோமாளியாக நடித்த ரகு உண்மையிலேயே சர்க்கஸில் கோமாளியாக இருந்தவர். பிறகு கடைசிவரை 'மேள ரகு' என்றே ஊர் அவரை அழைத்தது. 2021இல் காலமானார். எங்கட கமல்ஹாசன் குள்ளமாக நடித்த 'அபூர்வ சகோதரர்கள்' படத்திலும் அவர் வருகிறார். அந்தப் படம் 1989 சித்திரைப் புத்தாண்டு அன்றுதான் வெளிவந்தது. வீடியோக் கொப்பியில் எத்தனை தரம் பார்த்திருப்போம்! அதில் அப்புவைப் பார்த்துச் சிரித்தோம், அழுதோம். ஆனால் அப்பு மாதிரியான ஒருவர் ஊருக்குத் திரும்பிப் போனால் வீட்டுக்காரர் எப்படி வரவேற்பார்கள் என்று யோசிக்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. அதை யோசிக்கக் கூடாரத்துக்குள் சோறு தின்ற ஒருவர் தேவைப்பட்டார்.

சர்க்கஸைப் பற்றி வெளியே இருந்து எழுதுகிறவர்கள் இரண்டு விதம். ஒருவர் ஆகா ஓகோ என்பார். மற்றவர் ஐயோ பாவம் என்பார். இரண்டும் பார்வையாளரின் கதிரையில் இருந்து எழுதுவதுதான். உள்ளே இருந்தவருக்குத் தெரிந்தது வேறு. கயிற்றை இன்றைக்கு யார் கட்டினது? மழைக்குக் கூடாரம் நனைந்தால் எத்தனை மடங்கு பாரம் கூடும்? நாளுக்கு மூன்று ஆட்டம் ஆடின ஆளுக்குச் சம்பளம் எந்தத் திகதியில் வரும்? ஒருவர் விழுந்துவிட்டால் சனம் கவனிக்காமல் இருக்கக் கோமாளியை ஓடவிடுவார்களே, அந்தக் கோமாளிக்கு விழுந்தவர் அண்ணனாக இருந்தால்? இதுகளை விசாரணை செய்து கண்டுபிடிக்கேலாது. இருந்து அனுபவிக்க வேண்டும்.

இந்தியச் சர்க்கஸில் இருந்தவர்களில் இப்படி எழுதியவர்கள் மிகக் குறைவு. காரணம் தேடி அலையத் தேவையில்லை. அநேகர் சிறு வயதிலேயே போய்விட்டார்கள். சிலரை வறுமை காரணமாகப் பெற்றோரே முற்பணம் வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் என்பது கூடாரத்துக்கு வெளியே இருந்த ஒரு கட்டடம். பெண்பிள்ளைகள் என்றால் ஊருக்குத் திரும்பி வந்தபிறகு சர்க்கஸ் என்ற பேச்சையே எடுக்கக்கூடாது, கலியாணம் குழம்பிவிடும். தாமு தோத்ரே என்று பூனாவில் பிறந்த ஒரு பெரிய புலிப் பயிற்சியாளர், அமெரிக்காவின் ரிங்லிங் சர்க்கஸ் வரை போனவர். அவருடைய ஆங்கில வாழ்க்கைக் கதை 1961இல் வந்தது. அதுகூட அவர் சொல்ல இன்னொருவர் எழுதியது. அதில் குறையொன்றும் இல்லை. சொல்லவாவது ஆள் இருந்தார், கேட்கவும் ஆள் இருந்தார்.

இந்தக் கூடாரங்களுக்குக் காலமும் முடிந்துகொண்டு வருகிறது. சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு ஆகியவற்றை வித்தை காட்டப் பழக்கக்கூடாது என்று 1998இல் இந்திய அரசு அறிவித்தது. கம்பெனிக்காரர் வழக்குப் போனார்கள். 2001இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கமே தீர்ப்புச் சொன்னது. 2011இல் பிள்ளைகளை வேலைக்கு வைப்பதும் நிறுத்தப்பட்டது. இரண்டும் சரியான காரியம் என்பதே என் எண்ணம். கூண்டுக்குள் கிடந்த புலிக்காகப் பேசத்தான் வேண்டும், பிள்ளைக்காகவும் பேசத்தான் வேண்டும். ஆனால் ஐம்பது வயதில் முழங்கால் தேய்ந்து, வேறு தொழில் தெரியாமல் நின்ற பார் விளையாட்டுக்காரரை யார் கணக்கெடுத்தார்கள்? 2020இல் பி. ஆர். நிஷா என்ற ஆய்வாளர் இந்திய சர்க்கஸின் சமூக வரலாற்றை ஆங்கிலத்தில் ஒரு நல்ல நூலாகத் தந்திருக்கிறார். அதற்கெல்லாம் முதலே, பல்கலைக்கழகம் எதுவும் கேட்காமல், தன் பாட்டில் எழுதிவைத்தவர் ஸ்ரீதரன் சம்பாடு.

சரி, ரொறன்ரோவுக்கு வருவம்.

நீங்கள் 401 வழியாகக் கிங்ஸ்ரனுக்கோ மொன்றியலுக்கோ போனால், இங்கிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீற்றரில் போர்ட் ஹோப் என்று ஒரு சின்னப் பட்டினம் வரும். கோப்பி குடிக்க நிற்பீர்கள். அந்த ஊர்ப் பெடியன் ஒருவன், வில்லியம் ஹன்ட், 1859இல் அங்குள்ள கனரஸ்கா ஆற்றுக்கு மேலால் கயிறு கட்டி நடந்தான். பெயரையும் ஃபரினி என்று இத்தாலியப் பெயராக மாற்றிக்கொண்டான். மகன் கூத்தாடியாகப் போனது குடும்பத்துக்கு அவமானம் என்று தகப்பன் பொங்கினாராம். பாருங்கோ, அது எங்கட ஊர்த் தகப்பன்மாருக்கு மட்டும் உரிய குணம் இல்லை. அடுத்த ஆண்டு நயாகராவில், புகழ்பெற்ற பிரெஞ்சுக்காரர் புளொன்டினுக்குப் போட்டியாகக் கயிற்றில் நடந்தார். ஒருநாள் முதுகில் துணி தோய்க்கும் இயந்திரத்தைக் கட்டிக்கொண்டு போய், நடுக்கயிற்றில் நின்று பெண்களின் கைலேஞ்சிகளைத் தோய்த்துக் காட்டினார். பிறகு லண்டன் போய், பீரங்கியில் இருந்து ஆளை எறியும் வித்தையை 1877இல் மேடையேற்றினார். எறியப்பட்டது ஒரு பதின்ம வயதுப் பெண்பிள்ளை. மேடைப்பெயர் ஸசெல்.

இவ்வளவும் செய்த மனிதர் புத்தகமும் எழுதினார். அச்சில் வந்த அவருடைய நூல்களில் ஒன்று கலஹாரிப் பாலைவனத்தில் போன பயணம். இன்னொன்று நியூசிலாந்தில் வளரும் பன்னங்கள். மற்றது பிகோனியாப் பூக்கன்று வளர்ப்பது எப்படி! 1929இல் தொண்ணூறு வயதில் போர்ட் ஹோப்பிலேயே கண்மூடினார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை ஷேன் பீகொக் என்ற கனடிய எழுத்தாளர் 1995இல் வெளியிட்டார். பூக்கன்று நல்ல விசயம்தான், நானும் பல்கனியில் வைத்திருக்கிறன். ஆனால் பீரங்கிக்குள் இறங்கும்போது அந்தப் பிள்ளையின் முகம் எப்படி இருந்தது என்று பக்கத்தில் நின்ற மனிதர் ஒரு புத்தகம் எழுதியிருந்தால், இன்றைக்கு அது பூக்கன்றுப் புத்தகத்தைவிடப் பெறுமதியாக இருந்திருக்கும்.

எங்களிடம் இந்த மரபு இல்லாமல் இல்லை. கயிற்றில் ஆடியவர்களையும் அதற்கு அடித்த பறையையும் குறுந்தொகையின் ஏழாம் பாட்டே சொல்கிறது. பத்துப்பாட்டில் ஆற்றுப்படைகள் என்று படித்திருப்பீர்கள். அவை என்ன? பரிசு பெற்று வருகிற ஒரு கலைஞன், வழியில் பசியோடு வருகிற இன்னொரு கலைஞனைப் பார்த்து, இப்படிப் போ, இந்த ஊரைக் கட, இன்னாரிடம் போனால் இன்னது கிடைக்கும் என்று சொல்வதுதான். பொருநராற்றுப்படையில் அந்தக் கலைஞனின் கிழிந்து தைத்த உடுப்பும் அதில் இருந்த பேனும்கூட வரும். மன்னனின் புகழ் பாட வந்த பாட்டுத்தான், ஆனாலும் வாசிக்கும்போது எனக்கு மன்னனைவிட அந்தப் பேன்தான் நினைவில் நிற்கும்.

பின்னாளில் தமிழ்நாட்டில் அவ்வை தி. க. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை'யை 1972இல் தந்தார். 1918இல் சின்னப் பொடியனாகச் சங்கரதாஸ் சுவாமிகளின் பாலர் சபையில் சேர்ந்தவர் அவர். ஈழத்தில் கலையரசு சொர்ணலிங்கம் ஐயா 'ஈழத்தில் நாடகமும் நானும்' எழுதினார். பேராசிரியர் மௌனகுரு 'இராவணேசன்' கூத்தில் ஆடியவர், மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களைப் பற்றிப் பெரிய நூலும் எழுதினார். இவர்கள் படித்தவர்கள், சபை வைத்தவர்கள், பல்கலைக்கழகம் கண்டவர்கள். அவர்களை வணங்குகிறேன். ஆனால் இரவு முழுக்க மத்தளம் அடித்துவிட்டு விடியத் தோட்டத்துக்குப் போனவர், பெண் வேசம் கட்டியே முப்பது வருடம் போக்கினவர், முடிக்குக் கண்ணாடி ஒட்டினவர், லாம்பு பிடித்தவர், இவர்கள் ஒரு பக்கமும் எழுதவில்லை. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்து அவர்கள் அரிச்சந்திரனாகச் சுடலையில் நின்று பாடியதைக் கேட்ட சனம் இந்த மண்டபத்திலேயே இருக்கிறது. அவர் 1989இல் போய்விட்டார். அவரோடு மேடையில் நின்ற மற்றவர்கள் எங்கே? அவருக்குப் பின்பாட்டுப் பாடியவர் எந்த நாட்டில், எந்த மாடியில் இருக்கிறார்?

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் ஸ்காபுறோவில் பதினோராம் மாடியில் இருந்தார். பெயர் சொல்லமாட்டேன், அவர் விரும்பமாட்டார். வடமராட்சிப் பக்கத்தில் காத்தவராயன் கூத்தில் பேர் எடுத்தவர். அகதி விண்ணப்பம் நிரப்புகிற நேரம் தொழில் என்ன என்று கேட்டிருக்கிறார்கள். கூத்து என்று சொல்லியிருக்கிறார். மொழிபெயர்க்க வந்த பொடியன், அது தொழில் இல்லை அப்பு, சும்மா கேசைக் குழப்பும் என்று சொல்லிக் கூலி என்று போட்டுவிட்டான். பொடியனில் பிழை சொல்லேலாது. கேஸ் வென்றது. ஆனால் அந்தக் கடதாசியில் இருந்த 'கூலி' பிறகு எல்லாக் கடதாசிக்கும் போயிற்று. ஆஸ்பத்திரிக் கடதாசியிலும் அதுதான், ஓய்வூதியக் கடதாசியிலும் அதுதான். அவருடைய செத்தவீட்டில் பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் பேசியது. தாத்தா ஊரில் கஷ்டப்பட்டு வேலை செய்தவர் என்று சொல்லியது. மனுசன் ஆடினவர் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

கூடாரத்தில் இருந்த சனத்தின் கதை என்றபடியால்தான் ஸ்ரீதரன் சம்பாடு எனக்கு ஒட்டிக்கொண்டார் போல. நாங்களும் கூடாரம் கண்ட சனம்தானே. 1995இல் வலிகாமத்தில் இருந்து வெளிக்கிட்டவர்கள், மண்டபம் முகாமில் இருந்து வந்தவர்கள், 2009இல் மெனிக் பாமில் இருந்தவர்களின் உறவுகள், எல்லோரும் இங்கே இருக்கிறார்கள். நாளைக்கு இந்த ஊர், நாளன்றைக்கு எந்த ஊர் என்று தெரியாமல் சாமான் கட்டுகிற சனத்தால் கடதாசி சேர்க்கேலாது. உடுப்புப் பெட்டியை விட்டிட்டு வந்தம், மத்தளத்தை விட்டிட்டு வந்தம், எழுதின கூத்துக் கொப்பியை விட்டிட்டு வந்தம். வந்தது ஆளின் தலைக்குள் இருந்தது மட்டும். அந்தத் தலைகள் இப்ப எண்பது தாண்டிவிட்டன.

எல்லோரும் எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு பேரப்பிள்ளையின் கையில் இருக்கிற தொலைபேசியே ஒலிப்பதிவு செய்யும். கேள்விதான் முக்கியம். 'கலையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்' என்று கேட்டால் பெரியவர் மேடைப்பேச்சுப் பேசத் தொடங்கிவிடுவார். அப்பிடிக் கேட்காதேங்கோ. ஒரு இரவுக்கு என்ன தந்தவை? உடுப்பு எங்கே வாடகைக்கு எடுத்தனீங்கள்? முகத்துக்கு என்ன பூசினனீங்கள், எதாலே கழுவினனீங்கள்? சாமம் ரண்டு மணிக்குக் குரல் அடைச்சால் என்ன குடிச்சனீங்கள்? அண்ணாவியார் அடிச்சவரோ? பெண் வேசம் கட்டினதுக்கு ஊர்ப் பெடியள் என்ன பட்டம் வைச்சவை? அம்மா பார்க்க வந்தவவோ? இப்படிக் கேளுங்கோ. பதில் தானாய் வரும். கோபம் வந்தாலும் பதிவைக் கட்டாதேங்கோ, கோபத்திலதான் நல்ல கதை வரும்.

சங்கத்தின் நிருவாகத்தோடு கதைத்திருக்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் இந்த மண்டபத்தின் சின்ன அறையைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தேத்தண்ணியும் வடையும் என் செலவு. ஊரில் மேடையில் நின்றவர்கள், மேடைக்குப் பின்னால் நின்றவர்கள், கார்னிவலில் மோட்டார் சைக்கிள் ஓடினவர்கள், கோயில் திருவிழாவில் பொய்க்கால் கட்டினவர்கள், மேளக் கச்சேரிக்கு ஒத்து ஊதினவர்கள், யாராக இருந்தாலும் வரலாம். படி ஏறக் கஷ்டப்படுகிறவர்கள் சொல்லிவிட்டால் நாங்கள் வீட்டுக்கு வருவம். பெயர் கொடுக்கிறவர்களுக்கு வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறது. அதில் பெயருக்குப் பக்கத்தில் 'தொழில்' என்று ஒரு நிரலும் போட்டிருக்கிறேன். செய்ததை அப்படியே எழுதுங்கோ.